பொட்டு வைத்தால் மட்டும் போதுமா?

போன ஞாயிற்றுக்கிழமை செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். தெரிந்த மாமா ஒருவர் தோளில் தட்டினார். "என்ன சார், ஐரோலியில துப்பாக்கிப் பட்டறை போடப்போறேளாமே? பேங்க் சம்பளம் போதலையா?"

சிரித்து வைத்தேன். சன்னிதி வாசலில் சண்டை போட முடியுமா? ஆனால் வாஷியில் வண்டி மாறி, ஐரோலி வந்து இறங்குவதற்குள் சிரிப்பு போய்க் கோபம் வந்துவிட்டது. ஏனென்றால் இதே கேள்வியை ஒரே மாதத்தில் நான்கு பேர் கேட்டாயிற்று. நான்கு பேரும் தமிழர்கள். நான்கு பேருமே நவராத்திரியில் லேப்டாப்புக்கும் கார் சாவிக்கும் சந்தனப் பொட்டு வைப்பவர்கள்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பெண் பத்தாம் வகுப்பு. மூன்று வருடமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். பக்கத்தில் ஒரு சின்ன கிளப், ஆறு லேன், ஒரு வாட்டர் கூலர், அவ்வளவுதான். அங்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு பெற்றோரும் உட்கார்ந்து, அவரவர் ரைஃபிளை அவரவர் கையாலேயே பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி பூட்டிப் பார்க்கவேண்டும் என்று ஒரு திட்டம் போட்டேன். இதுதான் அந்தப் 'பட்டறை'. கட்டபொம்மன் பீரங்கி வார்க்கும் லெவலுக்கு ஊரில் பேச்சு :-)

இப்படி ஒரு எண்ணம் வந்த கதையைச் சொல்கிறேன். சென்ற வருடம் ஒரு போட்டி. பெண் லேனில் நிற்கிறாள். தயாராகும் நேரத்தில் ரைஃபிளிலிருந்து "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். காற்று இறங்குகிறது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் கோச்சைப் பார்த்தேன், கோச் வானத்தைப் பார்த்தார். இரண்டரை லட்சத்துக்கு மேல் கடன் போட்டு வாங்கிய ஜெர்மன் ரைஃபிள். அதன் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று எங்கள் மூவருக்குமே தெரியாது. இரவல் ரைஃபிளில் சுட்டாள். மார்க்கைச் சொல்லப்போவதில்லை. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

விற்ற கடையில் கேட்டால் "அனுப்பி வையுங்க, ஆறு வாரம் ஆகும்" என்றார்கள். கடைசியில் சரி செய்தது யார் தெரியுமா? ரபாலே எம்.ஐ.டி.சி.யில் லேத் ஓட்டும் ஒரு அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். தாராவி 90 அடி ரோட்டில் பிறந்து வளர்ந்தவர். முப்பது வருடமாக நியூமேடிக் சிலிண்டர்களோடு மல்லுக்கட்டுகிறவர். ரைஃபிளை வாங்கினார், முதலில் காற்றை முழுதாக இறக்கினார், சிலிண்டரைக் கழற்றினார், கழுத்தில் இருந்த ஓ-ரிங்கை நகத்தால் தொட்டுப் பார்த்தார். வெடித்திருந்தது. அதே அளவில் வேறொன்று போட்டு, சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி தடவி, பூட்டிக் கொடுத்துவிட்டார். பதினைந்து நிமிடம். காசு வாங்கவில்லை, டீ மட்டும். "வாங்கி எத்தன வருசம் ஆச்சு சார்? ஒரு வாட்டிகூடத் தொறந்து பாக்கலையா?" என்று கேட்டார். பி.காம் படித்தவன் வாயில் பதில் இல்லை.

இனி, எதிர்ப்புகளை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது: "இது சட்டவிரோதம், ஆபத்து." இதைக் கேட்பவர்களை நான் கேலி செய்யமாட்டேன். 2008 நவம்பர் 26 ராத்திரி சி.எஸ்.டி.யில் என்ன நடந்தது என்று இந்த ஊரில் இருக்கும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. துப்பாக்கி என்ற சொல்லுக்கே வயிற்றில் ஏதோ செய்கிறது என்றால் அது நியாயம். அதனால்தான் சட்டத்தை முதலில் படித்தேன். 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவின்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பது, விற்பது மட்டுமல்ல, ரிப்பேர் செய்வதும் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை குறைந்தபட்சம் 7 வருடம், அதிகபட்சம் ஆயுள். ஆகவே .22 ரைஃபிளை எங்கள் மேசைக்கே கொண்டுவரக்கூடாது. அது லைசென்ஸ் உள்ள ஆயுதக்காரர் வேலை. ஆனால் 2016-ம் வருட ஆயுத விதிகள் 20 ஜூலுக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் கேட்பதில்லை. நம் பிள்ளைகளின் 4.5 மில்லிமீட்டர் மேட்ச் ரைஃபிள் ஏழெட்டு ஜூலைத் தாண்டாது. இருந்தாலும் கிளப் லெட்டர்பேடில் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறேன். பேங்க்காரன் புத்தி!

ஆபத்து பற்றி ஒரு வார்த்தை. மேட்ச் ரைஃபிள் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது. உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரை. அந்தச் சிலிண்டருக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் ஆயுள் பொதுவாக 10 வருடம், தேதியை அதன்மேலேயே பொறித்திருப்பார்கள். கிளப்பில் பதினோரு பெற்றோரிடம் "தேதி பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். ஒருவர்கூட இல்லை (அடியேனையும் சேர்த்து). அன்றே எல்லாவற்றையும் பார்த்தோம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு ரைஃபிளின் சிலிண்டர் காலாவதியாகி மூன்று வருடம் ஆகியிருந்தது! ஒரு பதிமூன்று வயதுப் பையன் அதில் கன்னத்தை வைத்துத் தினமும் சுட்டுக்கொண்டிருந்தான். இப்போது சொல்லுங்கள், ஆபத்து எங்கே இருக்கிறது? திறந்து பார்ப்பதிலா, திறக்காமலே இருப்பதிலா?

"கற்றுக்கொடுத்தால் பையன்கள் பவரை ஏற்றிப் பார்ப்பார்கள்" என்று ஒரு அம்மா கேட்டார். வந்த கேள்விகளிலேயே சரியான கேள்வி இதுதான். அதனால் வால்வு, ரெகுலேட்டர் பக்கம் யாரும் போகக்கூடாது. டிரிக்கரைத் தயாரிப்பாளர் புத்தகத்தில் சொன்ன எல்லைக்குள் மட்டும் சரிசெய்யலாம். பேரல் சுத்தம், ஸ்டாக் போல்ட்டை டார்க் ரெஞ்சால் அளவாக முடுக்குவது, சைட், ஓ-ரிங், சிலிண்டர் தேதி, இவ்வளவுதான் பாடம். பெட்ரோலிய எண்ணெய் பாட்டில் அறைக்குள்ளேயே வரக்கூடாது, அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும். அப்புறம் எங்கள் பேங்க் வழக்கம், ஒருவர் செய்தால் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். பிள்ளை செய்வான், அப்பாவோ அம்மாவோ சரிபார்ப்பார். இதெல்லாம் இல்லாமல் அவன் யூடியூபில் பார்த்துப் பாத்ரூமில் பிரிப்பது உங்களுக்குப் பரவாயில்லையா?

இரண்டாவது எதிர்ப்பு: "படிக்கிற பிள்ளை ஸ்பேனர் பிடிக்கணுமா? அதற்குத்தான் ஆள் இருக்கிறதே!"

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2008 ஆகஸ்டில் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியபோது நாம் எல்லோரும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தோம். இறுதிச் சுற்றுக்குச் சற்று முன்னால் அவருடைய ரைஃபிளின் சைட் நகர்ந்துபோயிருந்தது, பயிற்சிக் குண்டு எங்கேயோ போனது. இருந்த கொஞ்ச நேரத்தில் திரும்ப சைட்டை நிலைக்குக் கொண்டுவந்துதான் சுட்டார். அதை அவரே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் மனு பாக்கரின் பிஸ்டல் பாதிச் சுற்றில் பழுதானது. சரிசெய்துவிட்டு வருவதற்குள் நேரம் கரைந்து, 575 மார்க்கோடு இரண்டே மார்க்கில் இறுதிச் சுற்று போயிற்று. அதே பெண் 2024-ல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார். எங்கள் பட்டறைக்கு வந்திருந்தால் மனுவின் பிஸ்டல் உடைந்திருக்காது என்று உளறமாட்டேன். அவரோடு நல்ல ஆட்கள்தான் இருந்தார்கள். நான் சொல்வது வேறு. பத்து மீட்டர் தூரத்தில் அரை மில்லிமீட்டர் புள்ளியைக் குறிவைக்கும் விளையாட்டு இது. இதில் கருவி எப்போது வேண்டுமானாலும் காலை வாரும். அப்போது அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்குக் கை நடுங்குவது கொஞ்சம் குறையும். என் பெண் அன்று என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக்ஸில் ஏர் ரைஃபிள் சுட்டிருக்கிறார். ஊரை விட்டு வந்த குடும்பத்துப் பெண், நம்மைப் போல. அவர் பெயரைச் சொல்லித்தானே நாமும் பிள்ளைகளை ரேஞ்சுக்கு அனுப்புகிறோம்? பெயர் மட்டும் வேண்டும், கையில் அழுக்கு படக்கூடாது!

எனக்கு ஊர் திருச்சி. எங்கள் சித்தப்பா திருவெறும்பூர் பக்கம் துப்பாக்கித் தொழிற்சாலையில் ஃபிட்டர். பட்டாளத்துக்குப் போகும் ரைஃபிள்களில் அவர் கை பட்டிருக்கிறது. அவருக்குப் பெண் பார்க்கப் போனபோது வீட்டில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பையன் சென்ட்ரல் கவர்ன்மெண்ட்." ஃபிட்டர் என்ற சொல்லைக் கல்யாணம் முடியும்வரை யாரும் வாயில் எடுக்கவில்லை. இவர்கள்தான் சரஸ்வதி பூஜையன்று சுத்தியலுக்குப் பொட்டு வைத்தவர்கள். சுத்தியலுக்கு மரியாதை உண்டு, பிடித்த கைக்குக் கிடையாது. நாற்பது வருடம் கழித்து, ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி வந்தும், ஐரோலியில் அதே கதைதான்.

மூன்றாவது எதிர்ப்பு வாய் விட்டுச் சொல்லப்படாதது. கமிட்டியில் யார் பாடம் எடுப்பது என்று பேச்சு வந்தது. நான் அண்ணாச்சியைச் சொன்னேன். "அவருக்கு சர்ட்டிஃபிகேட் இருக்கா?" என்றார் ஒருவர். இல்லை. சரி, ரைஃபிள் விஷயத்தில் கோச்சும் பக்கத்தில் இருக்கட்டும், இருவரும் சேர்ந்து எடுக்கட்டும் என்றேன். அது நியாயமான ஏற்பாடுதானே? அதற்குப் பிறகு வந்ததுதான் அசல் விஷயம். "அவர் பின்னாடி நிக்கட்டும் சார். ரிப்பேர் செஞ்சு காட்டட்டும். முன்னாடி உட்கார்ந்து நீங்க பேசுங்க. நம்ம பேரன்ட்ஸ் எல்லாம் வராங்க இல்லையா..."

"நம்ம" என்றால் யார்? மாட்டுங்கா, செம்பூர் என்றால் நம்ம. தாராவி என்றால் 'அவர்'. இட்லிக்கும் பொங்கலுக்கும் பட்டிமன்றத்துக்கும் நாமெல்லாம் தமிழர்கள். நாற்காலி போடும்போது மட்டும் ரயில்வே லைன் நடுவில் வந்துவிடுகிறது. ஊரிலிருந்து மூட்டை கட்டும்போது எதை எதையோ விட்டுவிட்டு வந்தோம், இதை மட்டும் பத்திரமாக எடுத்து வந்திருக்கிறோம்.

ஓ-ரிங் எது, கிரீஸ் எது என்று தெரியாத நான் முன்னால் உட்கார்ந்து பேசவேண்டுமாம். தெரிந்தவர் பின்னால் நிற்கவேண்டுமாம். எங்கள் கிளையில் ஆடிட்டர் இப்படி ஒரு கணக்கைப் பார்த்தால் அன்றைக்கே ரிமார்க் எழுதுவார்.

கமிட்டியிடம் முடிவாகச் சொல்லிவிட்டேன். அண்ணாச்சிக்கு முன் வரிசையில், மேசைக்கு நடுவில் நாற்காலி. இல்லையென்றால் பட்டறை இல்லை. வேறு ஒருவரை வைத்து நடத்திக்கொள்ளுங்கள், நானும் என் பெண்ணும் வரமாட்டோம். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர், எதிர்பார்க்கவே இல்லை, "நான் நாற்காலி போடறேன் சார்" என்றார்.

அப்புறம் பட்ஜெட் வந்தது. பேனர் 1,800 ரூபாய். சாப்பாடு 6,000. அண்ணாச்சிக்கு? "ஒரு பொன்னாடை போத்திடலாமே!" ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு வருகிற மனுஷனுக்குப் பொன்னாடை! அதைப் போர்த்திக்கொண்டு அவர் ரேஷன் கடைக்கா போவார்? பேனரை அடித்துவிட்டேன். அந்த 1,800-ஓடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, 'பயிற்சியாளர் கட்டணம், ஒரு நாளைக்கு 2,500' என்று எழுதி, வவுச்சர் போட்டு, கையெழுத்துக்கு வைத்தேன். பொருளாளர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். லேத்தை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். "கிளாசெல்லாம் நான் எடுத்ததில்ல சார். பிள்ளைங்க கையில எண்ணெய் ஒட்டுமே, வீட்ல ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?" என்றார்.

சொல்வார்கள் அண்ணாச்சி. அதற்காகத்தான் பெற்றோரையும் கூடவே உட்கார வைக்கிறோம்.

டிஸ்கி: பன்னிரண்டில் ஒன்பது இடம் நிரம்பிவிட்டது. மூன்று பாக்கி. அந்தச் சேடா நகர் மாமாவின் பேரனும் நம் கிளப்தான். மாமாவுக்கு முதல் வரிசையில் ஒரு இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.