ஐந்து போதும், அத்தான்

இரண்டரை மணி நேரக் கச்சேரி ஒரே சி.டி.யில் அடங்காது. முதலில் ஒரு தட்டுக்கு 74 நிமிடம் என்று கணக்கு; பிறகு நெருக்கிப் பிடித்து 80 ஆக்கினார்கள். வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும் மார்கழிக் கச்சேரி முழுதாக வேண்டுமானால் இரண்டு தட்டு. ராகம் தானம் பல்லவியும் இருந்தால் சில சமயம் மூன்று. சென்னையில் சார்சூர் நிறுவனம் டிசம்பர் சீசன் கச்சேரிகளை இப்படித்தான் வெளியிட்டு வந்தது. அவற்றில் பெரும்பகுதி என் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.

அத்தானுக்கு இதில் ஒரு தொல்லை. ஆலாபனை ஒரு தட்டில், அதே ராகத்தின் கீர்த்தனை அடுத்த தட்டில் என்று வெட்டு விழுந்திருக்கும். ஈஸி சேரிலிருந்து எழுந்து போய் மாற்ற வேண்டும். முழங்கால் வலி வந்த பிறகு பாதிக் கச்சேரியோடு நிறுத்திக்கொள்கிறார். “எல்லாம் ஃபோன்லயே வருது, இன்னும் எதுக்கு இந்தத் தட்டு?” என்று அக்கா கேட்டாள். “வயலின் யாரு, மிருதங்கம் யாருன்னு உறையில போட்டிருக்கு. ஃபோன்ல அதைத் தேடறதுக்குள்ள தனி ஆவர்த்தனமே முடிஞ்சுடும்” என்றார் அத்தான்.

நியூஜெர்சியில் இருக்கும் அவர்கள் மகன் அடுத்த மாதம் வருகிறான். போன வாரம் கூப்பிட்டான். “மாமா, இங்க பழைய சி.டி. சேஞ்சர் எல்லாம் சல்லிசா கிடைக்குது. அஞ்சு போடறது இருக்கு, முன்னூறு போடறது இருக்கு, நானூறுகூட இருக்கு. அப்பாவுக்கு நானூறே வாங்கிடட்டுமா?” வாயால் சொன்னால் பாதி மறப்பான். அதனால் இந்த வாரப் பத்தி அவனுக்கு. சி.டி.யை இன்னும் தூக்கிப் போடாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம்.

தட்டு மாற்ற எழுந்திருக்கும் சலிப்பு சி.டி.யோடு வந்ததல்ல. 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கம் நாலைந்து நிமிடம்தான் ஓடும். ஒரு சிம்ஃபனிக்கு நாலைந்து தட்டு வேண்டும். அதற்காகவே இங்கிலாந்தின் காரார்ட் போன்ற கம்பெனிகள் நடுக்கம்பியில் தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒன்று முடிந்ததும் அடுத்தது மேலிருந்து விழுகிற இயந்திரம் செய்தன. அதற்குத் தோதாகத் தட்டையே மாற்றி அச்சடித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த சங்கதி. இரண்டு தட்டுக் கட்டில் முதல் பக்கத்தின் முதுகில் இரண்டாம் பக்கம் இருக்காது, நான்காம் பக்கம் இருக்கும். ஒன்றும் இரண்டும் அடுத்தடுத்து விழுந்து ஓடி முடிந்ததும் அடுக்கை அப்படியே கவிழ்த்து வைத்தால் மூன்றும் நான்கும் வரும். நீண்ட வாத்திய இசை கேட்பவனுடைய சோம்பலுக்கு ஒரு தொழிற்சாலையே வளைந்து கொடுத்திருக்கிறது.

1982 அக்டோபர் முதல் தேதி சோனி தன் முதல் சி.டி. பிளேயரை ஜப்பானில் விற்பனைக்கு விட்டபோது அதில் ஒரு தட்டுதான் போட முடியும். சில வருடங்களிலேயே சேஞ்சர்கள் வந்துவிட்டன. அவற்றில் மூன்று சாதி உண்டு. பயனியர் பிரபலமாக்கிய மேகஸின் வகையில் ஆறு தட்டை ஒரு பிளாஸ்டிக் கூட்டில் செருகி, கூட்டைப் பெட்டிக்குள் தள்ள வேண்டும். காருக்கு உகந்தது. வீட்டில் ஒரே ஒரு தட்டை மாற்றவும் கூட்டையே உருவ வேண்டியிருக்கும், அந்தக் கூடும் இப்போது தனியாகக் கிடைப்பது அரிது. அதை விட்டுவிடலாம். அடுத்தது கேரசல்: இழுப்பறை வெளியே வரும், அதில் ஐந்து குழி கொண்ட வட்டத் தட்டம் சுழலும். மூன்றாவது, என் மருமகனை மயக்கிய இருநூறு, முந்நூறு, நானூறு தட்டுப் பூதம்.

பூதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். சோனியின் சி.டி.பி.-சி.எக்ஸ்355 முந்நூறு தட்டு, 455 நானூறு. உள்ளே பெரிய வளையம். அதில் தட்டுகள் மெல்லிய பள்ளங்களில் நெட்டுக்குத்தாக நிற்கும், ஒரு கை வேண்டியதை உருவிக்கொண்டு போய் ஓட்டும். அழகான ஏற்பாடு. ஆனால் 217ஆம் பள்ளத்தில் யார் பாடுகிறார் என்று எப்படித் தெரியும்? பெயரை நாமே பதிய வேண்டும். அதற்குக் கணினி விசைப்பலகை செருகுகிற வசதிகூட அந்த மாடல்களில் உண்டு. தமிழில் அடிக்க முடியாது. ‘காம்போதி’யை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவோம். பிறகு உறைகள்? தட்டெல்லாம் பெட்டிக்குள்ளே, உறையெல்லாம் பீரோவிலே என்று இரண்டாகப் பிரிந்துவிடும். உறையில் பக்கவாத்தியக்காரர் பெயர் படிக்கத்தானே அத்தான் ஃபோனை ஒதுக்கினார்? பெட்டி சிக்கிக்கொண்டால் முந்நூறு தட்டும் உள்ளே சிறை. தட்டின் மேல் காகித லேபிள் ஒட்டியிருந்தால் அந்த லேபிள் உரிந்தே சிக்க வைக்கும். நம் வீடுகளில் கல்யாண வீடியோ முதல் சுலோகம் வரை எல்லாத் தட்டிலும் யாராவது ஒரு லேபிள் ஒட்டியிருப்பார்கள்.

ஆக, கேரசல். அதில் எது என்று தேர்ந்தெடுக்கத்தான் என் யோசனை சற்று வேறு மாதிரி. எத்தனை தட்டு கொள்ளும் என்று பார்க்காதே. ரிச்சி தெருவில் பழுது பார்ப்பவரால் அதைத் திறந்து சரிசெய்ய முடியுமா என்று பார். சேஞ்சர் என்பது பாதி சங்கீதம், பாதி மெக்கானிக் வேலை.

இரண்டாம் தட்டு முடிந்து மூன்றாவது தொடங்கும் அந்தச் சில வினாடிகளில் என்ன நடக்கிறது என்று மூடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் தெரியும். லேசர் உள்விளிம்புக்குத் திரும்புகிறது. மேலிருந்து தட்டை அழுத்திப் பிடிக்கும் காந்த வில்லை விலகுகிறது. ஓட்டும் பகுதி முழுவதும் கீழே இறங்குகிறது. வட்டத் தட்டம் சுழன்று, எந்தக் குழி என்று ஒரு சென்சார் எண்ணி, நிற்கிறது. ஓட்டும் பகுதி மேலே எழும்பிப் புதுத் தட்டைத் தூக்குகிறது, வில்லை பிடிக்கிறது, லேசர் குவிகிறது, தட்டின் பொருளடக்கத்தைப் படிக்கிறது, அதன் பிறகே பாட்டு. இவ்வளவும் ஒன்றிரண்டு சிறிய மோட்டாரும் ரப்பர் பெல்ட்டும் பிளாஸ்டிக் பல்சக்கரமும் செய்யும் வேலை. இருபது வருடத்தில் பெல்ட் காய்ந்து தளரும், கிரீஸ் இறுகி மெழுகாகும். பழைய சேஞ்சரில் கேட்கும் புகார்களில் பாதிக்கு மேல், இழுப்பறை திறக்க மறுப்பது, தட்டம் பாதியில் நிற்பது, பெல்ட், கிரீஸ் இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது. பெல்ட் அற்பக் காசு. கையில் திறமை உள்ளவர் ஒரு மதியத்தில் மாற்றிவிடுவார்.

லேசர் கெட்டால்தான் கவலை. கடைக்காரர்கள் அதை ‘லென்ஸ்’ என்பார்கள். உண்மையில் லென்ஸ், லேசர் எல்லாம் சேர்ந்த ஒரு கட்டு. சோனியின் கே.எஸ்.எஸ். 213 மாதிரிப் பரவலான கட்டு போட்ட பிளேயராக இருந்தால் சீன நகலாவது கிடைக்கும். ஏதோ ஒரு வருடம் ஒரே ஒரு மாடலுக்கென்று செய்த லென்ஸ் என்றால் பெட்டி காட்சிப் பொருள்தான். வாங்குமுன் பெயரையும் மாடல் எண்ணையும் எனக்கு அனுப்பு, கேட்டுச் சொல்கிறேன்.

ஒலி எப்படி என்று நீ கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சுருக்கமாகத்தான் சொல்வேன். நல்ல கம்பெனிச் சேஞ்சர்களுக்குள் வித்தியாசம் உண்டென்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அத்தான் வீட்டு ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டும் சுவரோரம் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கின்றன. முதலில் அவற்றை ஓரடி முன்னால் இழுத்தாலே போதும். பின்பக்கம் ஆப்டிக்கல் அவுட்புட் இருக்கிறதா என்று மட்டும் பார். இருந்தால் பிற்காலத்தில் வெளியே ஒரு டி.ஏ.சி. (டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றும் பெட்டி) வைத்துக்கொள்ளலாம், உள்ளே இருப்பது எதுவானாலும் பாதகமில்லை.

விற்பவர் வீட்டுக்குப் போகும்போது கையில் ஐந்து தட்டு கொண்டு போ. ஒன்று கீறல் விழுந்ததாக, ஒன்று வீட்டில் பதிவு செய்ததாக இருக்கட்டும். ஐந்து குழியும் நிரப்பி, அடுத்த தட்டு, அடுத்த தட்டு என்று அழுத்திக்கொண்டே இரு. ஒவ்வொன்றிலும் கடைசிப் பாட்டையும் போட்டுப் பார். சி.டி. உள்ளிருந்து வெளியே ஓடுவது. தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, விளிம்பில் 200. லேசர் நகரும் தண்டவாளத்தில் அழுக்கு இருந்தால் கடைசிப் பாட்டில்தான் திக்கும். ஒரு தட்டு ஓடும்போதே இழுப்பறையைத் திறந்து மற்றவற்றை மாற்ற முடிகிறதா என்றும் பார். சோனியின் சி.இ. வரிசை, யமஹாவின் சி.டி.-சி600 இரண்டிலும் அது உண்டு. ஒன்கியோ டி.எக்ஸ்.-சி390 ஆறு தட்டு கொள்ளும், நல்ல சாமான். மூன்றில் எது நல்ல நிலையில் கிடைத்தாலும் எனக்குச் சம்மதம். ரிமோட் இல்லாமல் கொடுத்தால் விலையை அடித்துப் பேசு, அல்லது வந்துவிடு. ஈஸி சேரிலிருந்து எழாமல் இருக்கத்தான் இவ்வளவு பாடும்.

நம் ஊரில் சேஞ்சர் இல்லாமலில்லை. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் தூக்கிவந்த ஐவா, சோனி செட்டுகளில் மூன்று தட்டு போடும் இழுப்பறை இருந்தது. ஆனால் நம் சினிமாப் பாட்டுக்கு அது பெரிதாகத் தேவைப்படவில்லை. ஒரு படத்துக்கு அரை மணி நேரப் பாட்டு. இரண்டு மூன்று படங்களை ஒரே சி.டி.யில் போட்டு விற்றார்கள். அப்புறம் எம்பி3 வந்து, ஒரே தட்டில் பத்து மணி நேரத்துக்கு மேல் இளையராஜா ஓட ஆரம்பித்ததும் மூன்று குழியில் இரண்டு காலியாகவே சுற்றின. அமெரிக்காவில் சேஞ்சர் கடைசிவரை வரவேற்பறை அலங்காரம். இங்கே அதை அவசியமாக்கக் கூடியது கச்சேரி மட்டும்தான் என்பது என் கட்சி.

இனி மின்சாரம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் குமிழ் இல்லாவிட்டால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். சேஞ்சர் குடிப்பது பெரும்பாலும் இருபது வாட்டுக்குள்தான், ஆகவே சிறியதே போதும், இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பிளக்கின் தட்டை முள் நம் சுவர் சாக்கெட்டில் நுழையாது என்று நம்பிவிடாதே. எல்லா முள்ளும் ஏற்கும் ஸ்பைக் பஸ்டர் உங்கள் வீட்டிலேயே இரண்டு கிடக்கிறது. கூட்டிப் பெருக்கும்போது யாராவது கழற்றி அதில் செருகினால் ஒரு நொடியில் புகை. பிளக்கையும் டிரான்ஸ்பார்மரையும் சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றிவிடு.

பேக் செய்யுமுன் தட்டுகளை எல்லாம் வெளியே எடு. சில மாடல்களில் அடிப்பக்கம் பயணத்துக்கென்று பூட்டும் திருகு இருக்கும். அது இருந்தால் முறுக்கிவிட்டு அனுப்பு, இங்கே வந்ததும் தளர்த்த மறக்காதே.

அளவு ஒன்று பாக்கி. ஐந்து தட்டை வட்டமாக வைக்கும் தட்டம் என்பதால் கேரசல் பெட்டிகள் அகலம் 43 சென்டிமீட்டர், ஆழம் நாற்பதை ஒட்டி இருக்கும். பின்னால் ஒயருக்கு நாலு விரற்கடை, முன்னால் இழுப்பறை நீளவும் இடம் வேண்டும். அக்காவை ஷோகேஸை அளக்கச் சொன்னேன். முப்பது வந்தது. தஞ்சாவூர் பொம்மையும் பரிசுக் கோப்பைகளும் அங்கேயே இருக்கட்டும். டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டு ஐம்பது ஆழம். செட்டாப் பாக்ஸை மேலே ஏற்றிவிட்டால் சரியாக உட்காரும்.