கடனாளியிடம் மட்டும் கணக்குக் கேட்பதா?

வரவுசெலவுக் கணக்கும் விசுவாசமும் இருந்தால் எந்தக் குடும்பமும் கடனிலிருந்து மீளும், மீளாதவர்களிடம் குறைவது ஒழுக்கமே என்ற வாதம் அமெரிக்கச் சபைகள் பலவற்றில் வேரூன்றியிருக்கிறது. அங்கே பரவலாக நடத்தப்படும், நிதி ஆலோசகர் டேவ் ராம்சேயின் பாடத்திட்டம், சிறிய கடனை முதலில் அடைத்து, அந்தத் தவணைப் பணத்தை அடுத்த கடனோடு சேர்க்கச் சொல்கிறது. அது பலருக்குத் தெம்பு தந்திருப்பதை மறுக்க முடியாது. ஆனால், மிச்சம் பிடிக்க ஏதாவது இருப்பவருக்கே பட்ஜெட் கைகொடுக்கும். சம்பளத்தை நம்பித் தரப்படும் குறுகியகாலக் கடனில் 100 டாலருக்கு இரண்டு வாரத்தில் 15 டாலர் கட்டணம் என்றால், ஆண்டு வட்டி ஏறத்தாழ 390 சதவீதம். மருத்துவமனைக் கடனையும் எவரும் ஆடம்பரத்துக்காக ஏற்பதில்லை.

கடனாளியின் அடிமைநிலையைச் சொல்லும் நீதிமொழிகள் 22ஐ மேற்கோள் காட்டுவோர், நெகேமியா 5ஐத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வயல்களை அடகுவைத்த ஏழைகளுக்கு நெகேமியா சிக்கனம் போதிக்கவில்லை. கடன் கொடுத்த பிரபுக்களை அழைத்துக் கண்டித்து, நிலத்தையும் வட்டியையும் திருப்பித்தரச் செய்தார். கடனை ரத்துசெய்வது பொறுப்பின்மையை வளர்க்கும் என்று சிலர் அஞ்சலாம். ஆனால், ஏழாண்டுக்கு ஒருமுறை கடன்விடுதலையை விதித்த உபாகமம் 15, அந்த ஆண்டு நெருங்குகிறதென்று ஏழைக்குக் கொடுக்கத் தயங்குவதையே பாவம் என்கிறது. அமெரிக்காவிலேயே பல சபைகள் தொண்டு நிறுவனம் வழியாக மருத்துவக் கடன்களைச் சொற்ப விலைக்கு வாங்கி ரத்துசெய்திருக்கின்றன. குடும்பத்திடம் செலவுக் கணக்கைக் கேட்கும் சபை, கடன் கொடுப்பவரிடம் வட்டிக் கணக்கையும் கேட்க வேண்டும். அதைக் கேட்காத போதனை வேதத்தில் பாதியைத்தான் வாசிக்கிறது.