மூக்குக்கு வரி

மூக்கின் விலையைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1650களின் பிற்பகுதி. மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் நோயில் படுத்திருந்தார். மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜாவின் படை சத்தியமங்கலம் பக்கமாக இறங்கி மதுரை வரைக்கும் வந்துவிட்டது. வழியில் அகப்பட்டவர்களை, ஆண் பெண் குழந்தை என்று பார்க்காமல், மேலுதட்டோடு சேர்த்து மூக்கை அறுத்தார்கள். அறுத்ததைச் சாக்கில் கட்டி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள். மூக்கின் எண்ணிக்கைக்குத் தக்க வெகுமதி. இதையெல்லாம் அப்போது இங்கிருந்த இயேசு சபைப் பாதிரியார்கள் கடிதமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

ராமநாதபுரம் சேதுபதி மறவர் படையோடு வந்து மைசூர்க்காரர்களை விரட்டினார். நாயக்கரின் தம்பி குமாரமுத்து மைசூர்ச் சீமைக்குள் புகுந்து பதிலுக்கு அங்கே மூக்குகளை அறுத்தார். 1659இல் நாயக்கர் காலமானார். உதவிக்கு வந்த சேதுபதிக்குக் கப்பம் தள்ளுபடி ஆனது, பட்டமும் கிடைத்தது. மூக்கைப் பறிகொடுத்த குடியானவனைப் பற்றி அந்தக் கதையில் அதற்கு மேல் பேச்சில்லை.

அறுந்த மூக்கைத் திரும்ப வைக்கும் கைத்தொழில் இதே நாட்டில்தான் இருந்தது. பழங்கால வைத்தியர் சுசுருதர் எழுதி வைத்தது ஒருபுறம் இருக்கட்டும். ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர், திப்பு சுல்தானுடனான போரில் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பிறகு புனேயில், செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு மூக்கு வைத்துவிட்டார். மெழுகில் மூக்கு செய்து பார்த்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டு, அந்த அளவுக்குத் தோலை உரித்து, புருவ மத்தியில் மட்டும் ஒட்டு விட்டுக் கீழே திருப்பி ஒட்டினார். லண்டன் பத்திரிகை ஒன்று 1794 அக்டோபரில் இதைப் படத்தோடு வெளியிட்டது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற டாக்டர் 1814இல் லண்டனில் அதே முறையில் செய்து காட்டினார். நெற்றித் தோலை இறக்கி மூக்கு கட்டும் முறை இன்றைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரியில் உண்டு.

இப்போதைய கணக்குக்கு வருவோம். பெண் பார்க்க வந்தவர்கள் “மூக்குதான் கொஞ்சம்…” என்று இழுத்துவிட்டுப் போன வீடுகள் நம் தெருக்களில் நிறைய. அந்த மூக்கைத் திருத்தப் போனால் பில் எப்படி வரும்? சர்ஜனுக்கு, மயக்க டாக்டருக்கு, தியேட்டருக்கு, அறைக்கு, ஸ்கேனுக்கு என்று தனித்தனியாக. விலா எலும்பிலிருந்து குருத்தெலும்பு எடுத்து வைத்தால் அது இன்னொரு வேலை. சிலிகான் என்றால் அதற்கொரு விலை. எல்லாம் சேர்ந்து ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால் மேலே ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது பதினெட்டாயிரம். மருத்துவத்துக்கு வரி கிடையாதே என்பீர்கள். சட்டம் அங்கேதான் மூக்கை இரண்டாகப் பிரிக்கிறது. பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, அடிபட்ட காயம் இவற்றைச் சரிசெய்தால் அது சிகிச்சை, வரி இல்லை. அழகுக்கு என்றால் வரி உண்டு. இன்ஷூரன்ஸ்காரர்களும் கிட்டத்தட்ட அதே கோட்டில்தான் நிற்கிறார்கள்: விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு கட்டியெழுப்புவதற்குப் பணம் உண்டு, தோற்றத்தை மாற்றுவதற்கு இல்லை.

அதனால்தான், “உள்ளே தண்டு வளைஞ்சிருக்குன்னு எழுதிக் குடுங்க டாக்டர்” என்று சிலர் கெஞ்சுகிறார்கள். நிஜமாகவே வளைந்து மூச்சு அடைத்தால் அது சிகிச்சைதான், கேட்டு வாங்கலாம். இல்லாததை எழுதச் சொன்னால் பின்னால் கிளெய்மும் போகும், டாக்டருக்கும் தலைவலி.

சட்டத்தின் கோடு நியாயமா? பாதிதான் என்பேன். அடிபட்ட மூக்கு எது, ஆசைப்பட்ட மூக்கு எது என்று காகிதத்தில் பிரித்துவிடலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வந்த ஆசை அவளுடையதே அல்ல, சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனவர்களுடையது. பதினெட்டாயிரத்தை அவர்களிடம் அல்லவா வசூலிக்க வேண்டும்! அப்படி ஒரு வரி வந்தால் முதல் ஆளாகக் கை தட்டுவேன்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. பைக்கிலிருந்து விழுந்து மூக்கு உடைந்த பையன்கள், உதடு பிளந்து பிறந்து மூக்கும் கோணிப்போன பிள்ளைகள், தொழுநோயில் மூக்குத்தண்டு அமிழ்ந்தவர்கள். இவர்கள் யாரும் அழகு தேடிப் போகிறவர்கள் அல்ல. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வருகிற இந்தக் குடும்பங்களில் பல, நேரே தனியார் கிளினிக்குக்குப் போய் நகையை அடகு வைக்கின்றன. கோரிப்பாளையம் பக்கத்தில் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. அரசு ராஜாஜி மருத்துவமனை என்பது பலகையில் இருக்கும் பெயர். அங்கே பிளாஸ்டிக் சர்ஜரிக்குத் தனித்துறை உண்டு. வரிசை நீளம்தான், காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அடகுக் கடை வட்டியைவிட அந்தக் காத்திருப்பு மலிவு.

பணம் கட்டித் தனியாரில்தான் செய்வது என்று முடிவெடுத்தவர்கள் கையெழுத்துக்கு முன் மூன்றைக் கேளுங்கள். செய்யப் போகிறவர் பிளாஸ்டிக் சர்ஜரியிலோ காது மூக்கு தொண்டையிலோ பட்டம் பெற்றவரா? சொல்லும் தொகையில் வரி, மயக்க மருந்து, மருந்துச் செலவு எல்லாம் அடக்கமா? சரியாக வராமல் இரண்டாம் முறை செய்ய நேர்ந்தால் செலவு யாருடையது? வீக்கம் முழுசாக வடிந்து மூக்கு தன் வடிவத்துக்கு வர ஒரு வருஷம்கூட ஆகும். ஆகவே முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில் போய் நிற்காதீர்கள். பதிலை எழுத்தில் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.