குடிநோயும் மனநோயும் சேர்ந்து வருவோருக்கு ஒரே இடத்தில் சிகிச்சை: குமராட்சி ஒன்றியக் குடும்பங்களின் கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர், கடலூர் மாவட்டம்.

குடிநோயும் மனநோயும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அரிதன்று. காதில் குரல் கேட்பவர் அதை அடக்கக் குடிக்கிறார். தூக்கம் வராதவர் தூங்குவதற்குக் குடிக்கிறார். நாள்பட்ட குடியும் மனச்சோர்வையும் சந்தேகத்தையும் கொண்டுவரும். எது முந்தியது என்பது சில வாரம் குடியின்றி இருந்த பிறகே தெளிவாகும். அதற்குள் ‘குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்’ என்று ஓரிடத்திலும், ‘மனநோய்க்கு வேறு இடம் பாருங்கள்’ என்று மற்றோரிடத்திலும் திருப்பி அனுப்பினால், அலைச்சல் முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுகிறது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அரசின் மனநல சேவையைப் பெறும் உரிமையை அதன் 18ஆம் பிரிவு எல்லாருக்கும் அளிக்கிறது. ஆயினும் மதுவால் பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 86 சதவீதத்தினர் சிகிச்சையின்றி இருந்ததை 2015-16 தேசிய மனநல ஆய்வு கண்டது.

சிகிச்சை எட்டாதபோது குடும்பங்கள் தாமே வழி தேடுகின்றன. நெடுநாள் குடித்தவரை அறையில் பூட்டித் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வந்து உயிரே போகலாம். சோற்றில் தெரியாமல் மாத்திரை கலப்பதும் அவ்வளவே ஆபத்தானது. குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிராம் மாத்திரை உடலில் இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் சரியும். ஏர்வாடி மனநோயாளர் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டுண்டு தீயில் மாண்ட 28 பேரும், வேறு வழியறியாத குடும்பங்கள் கொண்டுபோய் விட்டவர்களே.

ஊருக்குள்ளேயே சிகிச்சை அளிக்க முடியும். டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை 1989 முதல் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் நடத்திய குடிநோய் முகாம்களே இதற்குச் சான்று.

ஆகவே மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ், குமராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரத்தில் ஒரு நாள் மனநல சமூகப் பணியாளர் ஒருவர் இருக்க வேண்டும். இரு நோய்க்கும் ஒரே பதிவேடு, ஒரே பொறுப்பாளர் என்பதே முதன்மைக் கோரிக்கை. மருத்துவமனையிலிருந்து திரும்பியவரின் வீட்டுக்கு அந்தப் பணியாளர் போக வேண்டும்: மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார், கூலிப் பணம் யார் கைக்குப் போகிறது, மனைவியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள் என்பவை மருந்துச் சீட்டில் வருவதில்லை. கொள்ளிடக்கரை வயல்களில் சம்பா அறுப்பு முடியும்போது கூலி மொத்தமாகக் கிடைக்கும்; அடுத்து வேலையற்ற கோடை. மீண்டும் குடியில் விழ வாய்ப்புள்ள அந்த மாதங்களில் வீட்டு வருகை கூட வேண்டும்.

சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரு நோயும் உள்ளோருக்குத் தனிப் படுக்கைகள் ஒதுக்கி, குடி வாடையைக் காரணம் காட்டி யாரையும் திருப்பி அனுப்பக் கூடாதென எழுத்துவழி ஆணையிட வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் மூலம் மனநல மாத்திரைகள் மாதந்தோறும் வீடு சேர வேண்டும். சம்பா அறுப்புக்கு முன்பே மனநல சமூகப் பணியாளர் நியமிக்கப்பட வேண்டும்.