அட்டையைப் பாருங்கள், படம் எடுக்காதீர்கள்

ஹோட்டல்களும் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களும் ஆதார் அட்டையின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு முடிவு கட்டப்போவதாக இந்தியாவின் தனித்துவ அடையாள ஆணையம் 2025 டிசம்பரில் அறிவித்தது. இனி கியூஆர் குறியீட்டையோ செயலியையோ கொண்டு ஆளைச் சரிபார்க்க வேண்டும், காகிதம் வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். அதே ஆண்டில் நம் நாடான இலங்கை எதிர்த்திசையில் போனது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18ஆம் திகதி நடைமுறைக்கு வரவேண்டியிருந்தன. நாள் நெருங்கியதும் அந்த அறிவிப்பு மீளப்பெறப்பட்டது. மீறும் நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்க இடமளிக்கும் சட்டம் அது. கைரேகை, கருவிழி, முகம் மூன்றையும் திரட்டும் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டத்துக்கு மட்டும் இந்தியாவின் நிதியுதவியும் உண்டு, அரசின் அவசரமும் உண்டு. பூட்டு வாங்குவதைத் தள்ளிப்போட்டுவிட்டு அலுமாரியை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இதன் விளைவைக் காணக் கொழும்பு வரை போகத் தேவையில்லை. கண்டி தேசிய வைத்தியசாலைக்கும், பேராதனையிலுள்ள போதனா, பல், சிறுவர் வைத்தியசாலைகளுக்கும் ஹட்டனிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் நோயாளரோடு வருகிறவர்கள் இரவு எங்கே தங்குகிறார்கள்? நகரத்து மலிவு லொட்ஜ்களில். இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்துக்கு விசா அலுவலாக வருகிறவர்களும் அங்கேதான். கவுண்டரில் இருக்கும் பையன் அடையாள அட்டையை வாங்குகிறான். மேசை மேல் வைத்து, தன் சொந்தக் கைபேசியில் முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம் எடுத்து, முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். பிறகுதான் சாவி கைக்கு வரும். அந்தப் படம் அவன் வேலையை விட்டுப் போகும்போது எங்கே போகிறது? கைபேசியை விற்றால்? யாரும் கேட்பதில்லை, பதில் சொல்லவேண்டிய கடமையும் இன்று யாருக்கும் இல்லை.

அந்த அட்டையில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நம்மில் பலர் அதை வெறும் இலக்கம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் உண்டு. முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதனோடு 500 கூட்டப்படும். 85545 என்று ஓர் இலக்கம் தொடங்கினால், அதற்குரியவர் 1985 பெப்ரவரி 14இல் பிறந்த பெண். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாக நீண்டதே தவிர, கணக்கு மாறவில்லை. ஆகவே விடுதிப் பதிவேட்டில் இலக்கத்தை மட்டும் எழுதினாலே வயதும் பாலினமும் அங்கே பதிந்துவிட்டன. படம் எடுத்தால் முகவரியும் சேர்ந்துகொள்கிறது. பழைய அட்டையென்றால் தொழிலும் பிறந்த இடமும்கூட. தோட்டத்து மக்களுக்கு முகவரி என்பது வீதியும் வீட்டு இலக்கமும் அல்ல. தோட்டத்தின் பெயரும் டிவிஷனும். அதைப் படிக்கிறவருக்கு அவர் யார், எந்த இனம், எந்த நிலையில் வாழ்கிறார் என்பதெல்லாம் ஒரு பார்வையில் விளங்கிவிடும். தனியாக அறை எடுக்கும் ஒரு பெண்ணின் வயது, படம், ஊர், அறை இலக்கம் எல்லாம் முன்பின் தெரியாத ஒருவனின் கைபேசியில் கிடப்பதை நிர்வாக நடைமுறை என்று என்னால் ஏற்க முடியாது. ஆட்பதிவுத் திணைக்களம் அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த அட்டையை வழங்கி வருகிறது. அதை யார் நகலெடுக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று லொட்ஜ் கவுண்டரில் ஒரு வரியாவது எழுதி ஒட்டியிருக்கிறதா?

மறைக்க ஒன்றும் இல்லாதவருக்கு ஏன் பயம் என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. இதற்கு மேல் அதற்குப் பதில் தேவையில்லை.

பாதுகாப்பு வாதம் வேறு. 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகை வாசலில் லொறிக் குண்டு வெடித்த நகரம் இது. அந்த வாதத்தை இங்கே யாரும் லேசாகத் தள்ள முடியாது. ஆனால் லொறியில் வந்தவர்களை எந்த விடுதிப் பதிவேடு தடுத்திருக்கும்? 2019 உயிர்த்த ஞாயிறன்று ஷங்ரி-லாவில் குண்டை வெடிக்கவைத்த இருவரும் முதல் நாளே அங்கு அறை எடுத்துத் தங்கியிருந்தவர்கள். நாட்டிலேயே ஒழுங்காக விருந்தினரைப் பதியும் ஹோட்டல்களில் அதுவும் ஒன்று. பதிவுக்கு அங்கே குறைவிருக்கவில்லை. ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து வந்த எச்சரிக்கையை மேசையில் வைத்துக்கொண்டு செயல்படாமல் இருந்ததுதான் குறை. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்தச் சொன்னது அந்தத் தவறுக்காகத்தான்.

விடுதியில் தங்கியிருக்கும் தமிழரின் விவரம் எதற்குப் பயன்படும் என்பதையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பில் பொலிஸார் லொட்ஜ் லொட்ஜாக ஏறி, 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியாவை நோக்கி அனுப்பினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுமீது உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்னர், 1983 ஜூலையில், கலகக்காரர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். கண்டியும் அன்று எரிந்தது. 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. பட்டியல் என்றால் சிறுபான்மையினருக்கு அடிவயிறு கலங்குவது இந்த அனுபவத்தால்தான். மனநோய் என்று யாரும் அதைத் தள்ளிவிட வேண்டாம்.

பெரிய ஹோட்டல்களின் கணினியில் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. மரியட் நிறுவனம் 2018 நவம்பரில் வெளிப்படுத்திய ஊடுருவலில் 30 கோடிக்கு மேற்பட்ட விருந்தினர் பதிவுகள் சிக்கின. குறியாக்கம் செய்யப்படாத கடவுச்சீட்டு இலக்கங்கள் மட்டும் 52 இலட்சத்துக்கு மேல். உலகின் மிகப்பெரிய ஹோட்டல் குழுமத்தின் நிலை அது என்றால், லொட்ஜ் முதலாளியின் வாட்ஸ்அப்பை என்னவென்று சொல்வது?

விடுதி நடத்துகிறவர் தன் வீட்டில் தங்குவது யார் என்று அறியத்தான் வேண்டும். அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. அட்டையை வாங்கி முகத்தோடு ஒப்பிடட்டும். பெயரும் இலக்கத்தின் கடைசி நான்கும் கையெழுத்தும் போதும். மூன்று மாதம் கழித்து அந்தத் தாளை அழிக்கட்டும். பொலிஸார் பதிவேட்டைக் கேட்டால் நீதவானின் கட்டளையோடு வரட்டும். அமெரிக்க உயர் நீதிமன்றம் 2015இல், லொஸ் ஏஞ்சலிஸ் ஹோட்டல்காரர்கள் தொடுத்த வழக்கில், பதிவேட்டைக் காட்டு என்று பொலிஸார் கேட்ட மாத்திரத்தில் காட்டவேண்டியதில்லை, முதலில் நடுநிலையான ஒருவரிடம் முறையிட ஹோட்டல்காரருக்கு வாய்ப்பிருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அங்கு முடிந்தது இங்கு முடியாதென்று சொல்வதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

கொழும்பு சட்டத்தை எப்போது உயிர்ப்பிக்கும் என்று கண்டி காத்திருக்க வேண்டியதில்லை. நகரத்து விடுதிகளுக்கு வியாபார அனுமதிப்பத்திரம் கொடுப்பது மாநகர சபை. அட்டையைப் படம் எடுக்கவோ நகலெடுக்கவோ கூடாது என்ற ஒரே நிபந்தனையை அந்தப் பத்திரத்தில் சேர்க்க ஒரு சபைக் கூட்டம் போதும். பெரஹெரா காலத்தில் நகரத்தின் கடைசி அறையும் நிரம்பிவிடும். ஆயிரக்கணக்கான அட்டைகள் அந்தச் சில நாட்களில் கவுண்டர் மேசைகளில் கிடக்கும். சபை உறுப்பினர்கள் அடுத்த பெரஹெராவுக்கு முன்பாகவே இந்தப் பிரேரணையைக் கொண்டுவர வேண்டும். எதிர்த்து வாக்களிக்கிறவர்களின் பெயர்கள் கூட்ட அறிக்கையில் பதியப்படட்டும்.