முதல் மீனும் திரும்பி வந்த மீனும்

"கல்யாணம் ஆனா காதல் காலி"ன்னு தத்துவம் பேசுற மக்களே, கொஞ்சம் ஜப்பான்காரங்க சாப்பாட்டைப் பாருங்க.

அங்கே ஒவ்வொரு பருவத்துக் காய்க்கும் மீனுக்கும் மூணு கட்டம். புதுசா வந்தா 'ஹஷிரி'. ருசியின் உச்சம் 'ஷுன்'. விடைபெறும் நேரம் 'நகோரி'. மூணுக்கும் மரியாதை உண்டு. நாமதான் காதல்ல ஹஷிரியோட தட்டைக் கழுவி வெச்சுடறோம்.

அந்தக் கிறுக்கு அங்கேயும் இருந்ததுதான். இன்றைய டோக்கியோவுக்கு அன்று எடோன்னு பேர். கோடைத் தொடக்கத்தில் வரும் முதல் கட்சுவோவுக்கு, அதாங்க சூரை மீனுக்கு, எடோவாசிங்க காசை வாரி இறைச்சாங்க. பெண்டாட்டியை அடகு வெச்சாவது தின்னணும்னு பழமொழியே உண்டு! புதுசுக்கு ஆசைப்பட்டு கூட இருக்கறவளைத் தொலைக்கிறதை இதைவிடப் பச்சையா சொல்ல முடியாது.

அதே மீன் வடக்கே போய் நல்லா மேய்ஞ்சு, இலையுதிர் காலத்தில் தெற்கே திரும்புது. பேர் 'மொதோரி கட்சுவோ', திரும்பி வரும் கட்சுவோ. முதல் மீனைவிடக் கொழுப்பு அதிகம். இதுதான் ருசின்னு அடிச்சுச் சொல்றவங்க ஏராளம்.

கியோட்டோ பக்கம் விடைபெறும் ஹமோ மீனையும் புதுசா வந்த மட்சுதகே காளானையும் ஒரே சின்னக் கெண்டியில் வேகவெச்சுத் தருவாங்க. முடிவும் தொடக்கமும் ஒரே சாறுல!

மீன் வேற, மனுஷன் வேறன்னு சொல்வீங்க. ஒத்துக்கறேன். மீனுக்குப் பருவம் தானா வரும், காதலுக்கு நாம காத்திருக்கணும். கல்யாணமான புதுசுல எங்க சண்டை 10 நாள் நீடிக்கும். இப்ப 10 நிமிஷம். இதையா செத்துப்போச்சுங்கறீங்க? போங்கய்யா :-)