கேட்காமல் பிடிப்பது ஈகையா?

சம்பளப் பட்டியலில் ‘பிடித்தம்’ என்றொரு பகுதி உண்டு. வைப்பு நிதி, தொழில் வரி, கடன் தவணை என வரிசையாக நிற்கும் எண்களுக்கிடையே, புயலோ வெள்ளமோ வந்த மாதங்களில் ‘நிவாரண நிதி, ஒருநாள் ஊதியம்’ என்ற வரியும் இடம்பெறுகிறது. இதனை ஈகை என்கிறோம். கொடுத்தவரின் இசைவு பெறப்பட்டதா என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

ஊதியத்திலிருந்தே எடுத்துக் கொடுப்பது நல்ல வழக்கம் என்பதில் நமக்கு ஐயமில்லை. எருசலேமின் ஏழைகளுக்காக நிதி திரட்டியபோது, வாரத்தின் முதல் நாளில் அவரவர் வருவாய்க்கேற்ப ஒரு பங்கை எடுத்துவைக்கும் வழியையே தூய பவுல் கொரிந்தியருக்குக் காட்டினார். செலவு போக எஞ்சியதைக் கொடுப்போம் என்றிருப்பவர் கையில் மாதக் கடைசியில் எதுவும் எஞ்சுவதில்லை. ஆகவே, ‘மாதந்தோறும் தானாகப் பிடிக்கப்படும் பணத்தில் அன்பு எங்கே?’ என்று குறைகூறுவோருடன் நாம் சேரவில்லை. ஒழுங்கும் அன்பின் ஒரு வடிவமே. ஆனால் ஈகையில் கட்டாயத்துக்கு இடமில்லை என்பதையும் அதே பவுல்தான் தம் அடுத்த திருமுகத்தில் கொரிந்தியருக்குத் தெளிவுபடுத்தினார்.

2018ஆம் ஆண்டு கேரளத்தை வெள்ளம் சூறையாடியது. 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசு ஊழியர் ஒரு மாத ஊதியத்தைத் தர வேண்டுமென அம்மாநில அரசு வேண்டியது. வேண்டியதில் தவறில்லை, தவணைகளில் தரவும் வழியிருந்தது. ஆனால், தர இயலாதவர் தம் மறுப்பை எழுதித் தர வேண்டும் என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. உயர்நீதிமன்றம் அவ்விதிக்குத் தடை விதித்தது. அதில் தலையிட உச்சநீதிமன்றமும் மறுத்தது. துயரம் பெரிது என்பதற்காக, ‘கொடுக்க மாட்டேன்’ என்று மேலதிகாரிக்கு எழுதித் தரும் இழிநிலைக்கு ஓர் ஊழியரைத் தள்ளலாகாது.

இதைப் படித்துவிட்டு அரசுகளை மட்டும் குறைகூறி நாம் அமைதி கொள்ள இயலுமா? நம் திருச்சபையின் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் நடப்பது என்ன? அரசு உதவி பெறாத பள்ளியின் ஆசிரியை, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் வாழ்பவர். பிடித்தம் பற்றிய சுற்றறிக்கை வரும்போது அவர் என்ன சொல்வார்? ‘ஒருவரும் மறுக்கவில்லையே’ என்று நிர்வாகம் பெருமை கொள்கிறது. அச்சத்தின் மௌனத்தை இசைவென்று கணக்கெழுதுவது நேர்மையாகுமா?

ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளை இங்கே சிலர் நினைவூட்டுவர். இயேசு அவரைப் போற்றியது உண்மை. ஆனால் அக்காசுகளை அவர் தம் கையாலேயே காணிக்கைப் பெட்டியில் இட்டார். எவரும் அவர் கூலியில் கழித்துக்கொள்ளவில்லை.

குடும்பம் வாழப் போதுமான ஊதியம் தொழிலாளரின் உரிமை என்ற நெறி, 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட தொழிலாளர் பற்றிய சுற்றுமடலில் வேர்கொண்டது. நீதியின்படி தர வேண்டியதை அன்பின் கொடையாகக் காட்டலாகாது. நீதியின் கடனே முதலில் தீர்க்கப்பட வேண்டும் என்பது பொதுநிலையினரின் பணி குறித்து 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த படிப்பினை. அப்படியிருக்க, குறைந்த கூலி தந்து, அதிலும் ஒரு நாளைக் கழித்து, அத்தொகையை நிறுவனத்தின் பெயரால் மேடையில் வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதற்கு என்ன பெயரிடுவது?

நாம் வேண்டுவது மிகையன்று. எழுத்தில் இசைவு தந்தவரிடம் மட்டுமே பிடிக்கட்டும். தொகையை அவரே குறிக்கட்டும். மிகக் குறைந்த ஊதியம் பெறுவோரிடம் கேட்கவே வேண்டாம். நிறுவனம் தன் பங்கை முதலில் இடட்டும். திரண்டது எவ்வளவு, சென்றது எங்கே என்ற கணக்கு அறிவிப்புப் பலகையில் வரட்டும்.

நிலையான ஊதியம் பெறும் நமக்கும் ஒரு சொல். கட்டாயத்தை எதிர்ப்பது கைகளை மூடிக்கொள்வதற்கான சாக்கு ஆகிவிடக் கூடாது. எவரும் கேட்கும் முன்பே, சம்பளம் வந்த அன்றே, ஏழையின் பங்கை நாமே பிரித்துவைப்போம். நம் பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையார் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அறிவர். பிடித்தம் செய்ய ஆளில்லாத மாதத்திலும் நம் கை நீளுமானால், அதுவே ஈகை.